மிஞ்சியிருந்த ஒரே சொல்

பக்கவாதம் வந்து பிழைத்தவர்களும் அவர்கள் வீட்டாரும் ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். அடுத்த கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேச்சு போய், அரையும் குறையுமாகத் திரும்பியவனைப் பேசக் கூப்பிடுவதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. எழுதித் தருகிறேன், என் மகள் ஜாஸ்மின் வாசிப்பாள் என்று சொல்லிவிட்டேன். இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஜாஸ்மினிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: எழுத்துப் பிழையைத் திருத்து, என்னைத் திருத்தாதே.

என் பெயர் தாசையன். சொந்த ஊர் குழித்துறைக்குப் பக்கம். இருபத்தைந்து வயதில் கொத்துக்கரண்டியோடு திருவனந்தபுரம் வந்தவன், பிறகு திரும்பிப் போகவில்லை. கரமனையில் வாடகை வீடு. இந்த ஊரில் நான் கட்டிய வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. எதிலும் சுவர் சாய்ந்தது என்று யாரும் சொன்னதில்லை. சர்ச்சில் கமிட்டி உறுப்பினர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு. வேலை இடத்திலும் வீட்டிலும் நான் எப்படிப் பேசுவேன் என்பது வேறு கதை. அந்தக் கதை வெளியே வந்த விதத்தைத்தான் எழுதப்போகிறேன்.

என் மனைவி என்னிடமே வேலை பார்த்தாள். மணல் அரிப்பது, சாந்து குழைப்பது, சட்டி சுமப்பது. மேஸ்திரியின் பெண்டாட்டி என்று அவளுக்குச் சலுகை காட்டினால் மற்ற ஆட்கள் சும்மா இருப்பார்களா? அதனால் மற்றவர்களுக்கு ஒரு திட்டு என்றால் அவளுக்கு இரண்டு. அப்படித்தான் ஆட்களைக் கட்டி மேய்க்க வேண்டும் என்று எனக்கு வேலை பழக்கிய மேஸ்திரி சொல்லியிருந்தார். அவரும் தன் மனைவியை அப்படித்தான் வைத்திருந்தார். அவள் பெயரைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

அன்று பேரூர்க்கடையில் ஒரு வீட்டுக்குக் கூரைக் கான்கிரீட். இங்கே அதை வார்ப்பு என்பார்கள். வார்ப்புக்கு ஒரு விதி உண்டு. தொடங்கினால் முடியும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாது. முதல் மழைக்கே அந்த இடத்தில் ஒழுகும், காலம் முழுக்க அந்த வீட்டுக்காரன் அண்ணாந்து பார்த்து மேஸ்திரியைத் திட்டுவான். அதனால் ஆட்கள் சாரத்தில் ஏணிப்படி மாதிரி நின்று, கலவைச் சட்டியைக் கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். மேலே நின்று நான் எண்ணிக் கூவுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. என் குரலின் வேகம்தான் அவர்கள் கையின் வேகம்.

பதினோரு மணி இருக்கும். என் வலது கை மரத்தது. கரண்டி கீழே விழுந்தது. வெயில் என்று நினைத்தேன். குனிந்து எடுத்தேன், மறுபடி விழுந்தது. சாரத்தின் மேல்படியில் சட்டியை வாங்கி நீட்டிக்கொண்டிருந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். சட்டியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். அவளுக்குக் கீழே வரிசை முழுவதும் நின்றது.

"இஞ்ச பாருங்க, ஒங்களுக்க வாய் ஒரு பக்கமா கோணுது. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள்.

எல்லோர் முன்னாலும் வார்ப்பை நிறுத்தியிருக்கிறாள். அதுவும் என் பெண்டாட்டி. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"சவமே, சட்டிய எடுட்டி!" என்று கத்தினேன்.

எங்கள் பக்கத்தில் அது சாதாரண வசவு. பிணமே என்று அர்த்தம். மலையாளத்திலும் அதே சொல், அதே அர்த்தம், அதே வசவு. ஆகையால் கீழே நின்ற வீட்டுக்காரருக்கும் புரிந்தது. அவள் சட்டியைத் தந்தாள். வரிசை நகர்ந்தது. நான் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து மேலும் மூன்று மணி நேரம் எண்ணிக் கூவினேன். கடைசியில் என்ன எண்ணினேன் என்று எனக்குத் தெரியாது. வார்ப்பு முடிந்தது, நன்றாகவே முடிந்தது. வீட்டுக்காரர் ஆட்களுக்குப் பிரியாணி போட்டார். என் இலையில் வைத்ததை எடுக்கக் கை நீட்டினேன், கை வரவில்லை. இலை மேலேயே சாய்ந்தேன்.

அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி டாக்டர் பிறகு சொன்னதை எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் அதற்கு அப்பால் இருக்கிற இடம் தண்ணீர் பாயாத வயல் போல வாடத் தொடங்கும். எவ்வளவு சீக்கிரம் வந்தால் அவ்வளவு நல்லது. எனக்கு ரத்தக்கொதிப்பு முன்பே இருந்தது. மாத்திரை தந்திருந்தார்கள், தலைவலி போனதும் நிறுத்திவிட்டேன். முகம் கோணினால், கை விழுந்தால், நாக்கு குழறினால் வெயில் என்று நினைக்காதீர்கள். பார்த்துச் சொல்கிறவர்களைத் திட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் குகை மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தார்கள். இடது மூளையில் அடைப்பு. அதனால் வலது கை, வலது கால், கூடவே பேச்சு. விழுங்கத் தெரிகிறதா என்று ஒரு கரண்டி தண்ணீர் தந்து பார்த்தார்கள். புரையேறியது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். மூத்திரத்துக்கு வேறு குழாய். துணைக்கு ஒரு ஆள்தான் வார்டில் நிற்கலாம். அந்த ஆளை இங்கே பைஸ்டாண்டர் என்பார்கள், ஒரு பாஸ் தருவார்கள். அந்தப் பாஸை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு என் மனைவி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தாள். குழாய் வழியே கஞ்சி ஊற்றவும், இரண்டு மணிக்கொருமுறை என்னைப் புரட்டிப் போடவும் நர்சிடம் கற்றுக்கொண்டாள். சட்டி சுமந்த கை, அதனால் என்னைப் புரட்டுவது அவளுக்குப் பெரிய காரியமாக இல்லை.

மூன்றாம் நாள் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கூடவே ஏழெட்டு மாணவர்கள்.

"பேரு பறயாமோ? பேரெந்தா?" என்று கேட்டார்.

கேள்வி நன்றாகப் புரிந்தது. தாசையன் என்கிற பதில் உள்ளே தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"சவமே" என்றேன்.

ஒரு மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் மறுபடி கேட்டார். நான் இன்னும் கவனமாக, இன்னும் மெதுவாக, மறுபடியும் அதையே சொன்னேன். வேறு எதுவும் வரவில்லை. தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், மகளைப் பார்த்தாலும் அதுதான். எங்கள் பாஸ்டர் வந்து கட்டிலருகே நின்று உருக்கமாக ஜெபம் செய்தார். முடிவில் ஆமென் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாவம், பாஸ்டர் காதில் விழாத மாதிரி பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் டாக்டர் மாணவர்களோடு வந்து, என் மனைவியையும் ஜாஸ்மினையும் கட்டிலருகே நிறுத்தி விளக்கினார். அடைப்பு வந்த இடம் பேச்சுக்கான இடம். புத்தி போகவில்லை, நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது, சொல்லைத் தேடி எடுக்கிற வழிதான் அடைந்திருக்கிறது. அஃபேசியா என்று இதற்குப் பெயர். ஜாஸ்மின் அப்போது பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்கிற பிள்ளை.

"அது செரி டாக்டர். பின்னெ அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படி வருது?" என்றாள்.

டாக்டர் நல்ல மனிதர், வகுப்பில் பாடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். யோசித்துப் பேசுகிற பேச்சு ஒரு வழியில் வரும். யோசிக்காமல் வருகிற பேச்சு, அதாவது எண்ணிக்கை, ஜெபம், பாட்டு, வசவு, இதெல்லாம் வேறு வழியில் வரும். அந்த வழி சில பேருக்கு அடைபடாமல் மிஞ்சும். "பண்டு மேஸ்திரி வீட்டில ஏற்றவும் கூடுதல் பறஞ்ச வாக்காயிரிக்கும். நாள்தோறும் பறஞ்சு பறஞ்சு உறச்சு போயி."

வீட்டில் அதிகம் சொன்ன வார்த்தை. எத்தனை வருடம் வெள்ளைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தேன்! ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இந்த மனிதன் வீட்டில் எப்படி நடந்துகொண்டான் என்று ஏழெட்டு மாணவர்கள் முன்னால் டாக்டர் வாசித்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூட மட்டும் முடிந்தது.

அப்போது என் மனைவி சிரித்தாள்.

"அது ஒண்ணும் இல்ல டாக்டரே. அவிய என்னைய செல்லமா அப்படித்தான் விளிப்பாவ. சின்னதிலயே உள்ள பழக்கமாக்கும்."

டாக்டர் அவளை ஒரு நொடி பார்த்தார். "அதெ, அதெ. சிநேகம் கொண்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நம்பினாரா என்று தெரியாது.

ஜாஸ்மின் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? அவள் அந்த வீட்டில் வளர்ந்தவள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, நான் தூங்குகிறேன் என்று நினைத்துத் தாயிடம் கேட்டாள். "எதுக்கும்மா கள்ளம் சொன்ன?"

"பின்ன என்ன சொல்லச் சொல்லுத? கெடையில கெடக்குத மனுசனுக்க மானத்தையும் நான் வாங்கணுமா? போ, போயி காப்பி வாங்கிட்டு வா."

செலவு எவ்வளவு ஆனது, யார் யாரிடம் வாங்கினோம் என்பதெல்லாம் எழுதப்போவதில்லை. அந்தக் கடனை ஜாஸ்மினும் அவளும் அடைத்துவிட்டார்கள். டாக்டரிடம் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் கடனைத்தான் என்னால் அடைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் அவள் தன் பொய்க்குத் தகுந்தாற்போலவே நடந்தாள். என் சொல்லின் ஏற்ற இறக்கத்தை வைத்தே தண்ணீரா, வலியா, கொசுவா என்று கண்டுபிடித்தாள். நர்சுகளிடம், "இது தண்ணிக்குள்ளது", "இது பெரட்டிப் போடச் சொல்லுதாவ" என்று மொழிபெயர்த்துச் சொல்வாள். பகல் முழுவதும் அந்த வார்த்தையால் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும், "ந்தா வாறேன்" என்று வந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு வந்ததே அவருக்கும், ஆனால் பெரிதாக. அவருடைய மகன்தான் பைஸ்டாண்டர். கண்ணைத் திறக்காத அப்பாவின் காதருகே குனிந்து அவன் பத்திரிகை வாசிப்பான். இந்தப் பக்கத்திலிருந்து நாள் முழுக்க "சவமே" என்று கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒருநாள் எழுந்து வந்து கத்தினான். "ஒந்நு நிறுத்தாமோ? என்டெ அச்சன் இவிடெ ஜீவனோடெ கிடக்குகயாணு!" உயிரோடு கிடக்கிறார் என்று சொன்னான். என் மனைவி கைகூப்பினாள். "மோனே, க்ஷமிக்கணும். அவருக்கு வேறெ வாக்கில்லை" என்று அவளுக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு போனான். மறுநாள் எங்களுக்கு ஒரு பொட்டலம் திராட்சை கொண்டுவந்து வைத்தான்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அந்த முதியவர் இறந்தார். வெள்ளைத் துணியால் மூடி, தள்ளுவண்டியில் என் கட்டிலை ஒட்டிக் கொண்டுபோனார்கள். மகன் கூடவே நடந்தான். என் கால்மாட்டில் வந்ததும் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தான். அவனுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று என் மனம் தவித்தது. கடவுளே, நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் திறந்தது.

"சவ…"

என் மனைவியின் உள்ளங்கை என் வாயை மூடியது. சிமெண்ட் அரித்துச் சொரசொரத்த கை. முப்பது வருடத்தில் அவள் என் வாயைப் பொத்தியது அதுதான் முதல் தடவை. வண்டி வாசலைத் தாண்டும்வரை எடுக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் என் நெற்றியில் விழுந்தது.

அன்றோடு நான் வாயை மூடினேன். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. திறந்தால் அது வந்துவிடும். காலைத் தூக்கு என்றால் தூக்கவில்லை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "மேஸ்திரிக்கு மனசில்லா" என்று எழுதிவைத்துப் போனார்கள். செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. எனக்குப் பொருத்தமான வசவைத்தான் இத்தனை நாளும் மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று தோன்றியது.

அப்போதுதான் என்னைப் பின்கட்டடத்தில் இருந்த மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே வழக்கம் வேறு. கைக்கு ஒரு ஆள், காலுக்கு ஒரு ஆள், பேச்சுக்கு ஒரு ஆள் என்று தனித்தனியாக வந்து போவதில்லை. எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். நோயாளியும் உட்கார வேண்டும், வீட்டாரும் உட்கார வேண்டும். நடுவில் இருந்த டாக்டரம்மாவுக்கு நரைத்த தலை, கறார் குரல். என்ன வேலை, என்ன சாப்பாடு, எப்போது கோபம் வரும், கக்கூஸ் எந்த மாதிரி, சர்ச்சுக்கு நடந்து போக எத்தனை படி ஏற வேண்டும், எல்லாம் கேட்டார். இதெல்லாம் மருந்துச் சீட்டில் எழுதுவார்களா என்று நினைத்தேன். எழுதினார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"மேஸ்திரிக்கு கை வய்யாத்ததல்ல பிரச்சினை. நாணமாணு. அல்லே?"

கை முடியாதது அல்ல பிரச்சினை, வெட்கம்தான் பிரச்சினை. நான் அழுதேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு அழுகை சுலபமாக வரும், அதுவும் நோயில் ஒரு பகுதி என்று அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். அது நோய் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார். "சேச்சிக்கு உறக்கமுண்டோ? நடு வேதனையுண்டோ?"

தூக்கம் உண்டா, இடுப்பு வலி உண்டா. அவ்வளவுதான் கேட்டார். அவள் பாஸின் மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "ஆறேழு வருசமாட்டு இடுப்பு நோவு உண்டு" என்றாள். ஆறேழு வருடம்! நான் அவளுக்குச் சட்டி ஏற்றிக்கொடுத்துக்கொண்டிருந்த வருடங்கள். என் மனைவியின் இடுப்பைப் பற்றி ஒரு டாக்டரம்மா கேட்டு நான் தெரிந்துகொண்டேன். அவளுக்கும் ஒரு சீட்டு எழுதி, அவளுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள்.

வீட்டிலிருந்து என் வேலைச் சாமான்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஜாஸ்மின் சாக்குப் பையில் கொண்டுவந்தாள். பிடித்து நிற்கிற இரண்டு கம்பிகளுக்கு நடுவே என்னை நிறுத்தினார்கள். நேராக நிற்கிறேன் என்று நினைத்தேன். சாய்கிறீர்கள் என்றார்கள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். சுவர் சாய்வதைத் தெருக்கோடியிலிருந்தே கண்டுபிடிக்கிறவன், நான் சாய்வேனா? பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே ஆளுயரக் கண்ணாடியை முன்னால் வைத்து, என்னுடைய தூக்குக்குண்டையே அதன் மேலே கட்டித் தொங்கவிட்டார். நூல் நேராக நின்றது. நான் வலது பக்கம் ஒரு சாண் சாய்ந்திருந்தேன். அந்தச் சுவரை நான் கட்டியிருந்தால் இடித்துப்போடச் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து தினமும் அந்த நூலோடு என்னை ஒட்டவைத்துப் பழகினேன். மூன்று வாரத்தில் பிடிக்காமல் நின்றேன்.

பேச்சு சொல்லித்தரும் பெண்ணின் பெயர் பிந்து. ஜாஸ்மினைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். நான் வாய் திறக்கமாட்டேன் என்றதும் அவள் வற்புறுத்தவில்லை. என் மனைவியிடம் வார்ப்பு எப்படி நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அடுத்த நாள் ஸ்டீல் கிண்ணங்கள் ஒரு டஜன் கொண்டுவந்தாள். என் மனைவி ஒரு கிண்ணத்தை எடுத்து நீட்ட வேண்டும், நான் இடது கையால் வாங்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். பேச்சு வேண்டாம். சும்மா கை மாற்றினோம். மூன்றாம் நாள், நாலாவது கிண்ணமோ ஐந்தாவதோ, கை வேகம் பிடித்தபோது என் தொண்டையிலிருந்து தானாகவே வந்தது.

"ஒண்ணு."

அவள் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். சாரத்தில் நின்ற மாதிரியே. இந்தத் தடவை நான் திட்டவில்லை. "ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். பிந்து அவளை எழுப்பி, "நிறுத்தண்டா சேச்சி, கொடுக்கு, கொடுக்கு" என்றாள். ஒன்பதுவரை போனேன்.

எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு மற்ற சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணி. வலி. வேண்டாம். ஜா-மின். பழைய சொல்லும் போகவில்லை. அது வாசலிலேயே நிற்கும். அது வரப்போகிறது என்று தெரிந்தால் இடது கையால் தொடையில் தட்டி, மூச்சு விட்டு, மறுபடி தொடங்கப் பிந்து பழக்கினாள். பத்துக்கு ஆறு தடவை தடுத்துவிடுவேன். கோபம் வந்தால் பத்துக்குப் பத்தும் தோற்றேன்.

ஒருநாள் என் மனைவி மருந்து வாங்கப் போயிருந்த நேரம், பிந்து குடும்பப் படத்தை எடுத்துவைத்தாள். ஜாஸ்மினைக் காட்டினாள், சொன்னேன். என் மனைவியைக் காட்டினாள். "பேரு?"

எனக்கு வரவில்லை. நோயால் வரவில்லை என்று பிந்து நினைத்தாள். முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்தாள். அப்போதும் வரவில்லை. கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. ஏட்டி, இஞ்ச, பிறகு அந்த வார்த்தை. எங்கள் பக்கத்து ஆண்கள் அனேகம் பேர் அப்படித்தான், அதில் தப்பு என்று யாரும் சொன்னதும் இல்லை. நாக்கு ஒருபோதும் நடக்காத வழி. அடைப்பு வந்து மூடுவதற்கு அங்கே வழியே இருக்கவில்லை.

மேசையில் கிடந்த பைஸ்டாண்டர் பாஸின் பழைய நகலைப் பிந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். "லீலாபாய்! எத்ர எளுப்பம், மேஸ்திரி. குஞ்ஞுங்ஙள் வரெ பறயும்." குழந்தைகூடச் சொல்லிவிடும் என்றாள். உண்மைதான். லீ, லா, பாய். நாக்கு இரண்டு தடவை மேலே தொட வேண்டும், உதடு ஒரு தடவை சேர வேண்டும். அதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அவள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பழகினேன். சிரித்தாலும் சிரிப்பாள் என்று பயம்.

வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்து, மறுபரிசோதனைக்குப் போன நாள். ஊன்றுகோலோடு நானே நடந்தேன். டாக்டரம்மா பார்த்து முடித்ததும் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவள் மருந்துக் கவுண்டர் வரிசையில் போய் நின்றாள். வரிசை நீளம். முக்கால்வாசி போய்விட்டாள். முதுகு எனக்குத் தெரிந்தது. ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தாள். இன்றைக்குக் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

"லீலாபாய்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. குரல் போதவில்லையோ என்று சத்தமாகக் கூப்பிட்டேன். வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதற்றம் வந்தது. தொடையைத் தட்ட மறந்தேன்.

"சவமே!"

சட்டென்று திரும்பினாள். "ந்தா வாறேன்" என்று வரிசையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்ன? மூத்திரம் போணுமா? தலை கிறங்குதா?"

மண்டபத்தில் அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தொடையில் தட்டினேன். மூச்சு விட்டேன்.

"லீ… லா… பாய்."

அவள் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாரோ தெரிந்தவர்கள் வந்திருக்கிறார்கள் என்று. பிறகு என்னைப் பார்த்தாள். "யார விளிக்கிய?" என்றாள். உன்னைத்தான் என்பதுபோல், முன்பு அந்தப் பாஸ் தொங்கிய அவள் கழுத்தில் கை வைத்தேன்.

"இப்பம் அதுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நின்ற இடம் போய்விட்டது. வரிசையின் கடைசியில் போய் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மருந்து வாங்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

இப்போது தினமும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். முதல் தடவையில் அவள் இன்னும் திரும்புவதில்லை. இரண்டாவது தடவையில் சில நாள் திரும்புகிறாள். மற்றச் சொல் தவறி வந்தால் உடனே வந்து நிற்கிறாள். பேனா பிடிப்பது தவிர கை முக்கால் பங்கு சரியாகிவிட்டது, கால் பரவாயில்லை, பேச்சு இந்த அளவு. இது மட்டும் எந்தப் பயிற்சியில் சரியாகும் என்று டாக்டரம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு நாணமாக இருக்கிறது.

ஜாஸ்மின் இதை வாசிக்கும்போது என் மனைவியும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பாள். வார்டில் ஐந்தாம் நாள் விளக்கம் சொன்ன டாக்டரும் வருவார் என்று சொன்னார்கள். எனவே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். டாக்டரே, அவள் உங்களிடம் அன்று சொன்னது பொய். நான் அவளைச் செல்லமாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அது வசவுதான், முப்பது வருடமும் வசவுதான். அவள் பெயர் லீலாபாய்.